ஃபைட் படத்துக்கு ரெண்டாம் பாகம் எடுக்கப் போறீங்களா? கேமரா புக் பண்றதுக்கு முன்னாடி இந்த பேப்பர் எல்லாம் ரெடி பண்ணுங்க

நாங்க சென்னையில ஒரு சின்ன பட்ஜெட் கிக்பாக்சிங் படத்துக்கு ரெண்டாம் பாகம் எடுத்தோம், நான் அதுல ப்ரொடக்ஷன் மேனேஜர். ஷூட்டிங் கஷ்டமா இல்ல, பேப்பர் வேலைதான் உயிரை எடுத்துச்சு. ஏழு வாரம் சும்மா ஓடிப் போச்சு, அதுல பாதிக்கு மேல முன்னாடியே யாராவது நாலு வார்த்தை சொல்லியிருந்தா தப்பிச்சிருப்போம். முதல் தடவை படம் எடுக்கற தம்பி தங்கச்சிங்களுக்கு அந்த நாலு வார்த்தையைத்தான் இங்க எழுதறேன்.

இந்த மாதிரி படத்தோட கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். யாரும் மதிக்காத நாலு பசங்க, இடிஞ்சு போன ஒரு ஜிம், குடியை விட முடியாத ஒரு மாஸ்டர், முதல் ஃபைட்ல செம அடி, அப்புறம் டிரெயினிங் பாட்டு, கடைசில ரிங்குல ஜெயிப்பு. ரெண்டாம் பாகம்னா எதிராளி மட்டும் இன்னும் பெரிய ஆளா இருப்பான். எனக்கு இந்த டெம்ப்ளேட் ரொம்ப பிடிக்கும், அதுல வெட்கப்பட ஒண்ணும் இல்ல, பழகின கதைனு தெரிஞ்சும் தியேட்டர்ல கடைசி ரவுண்டுக்கு ஜனங்க சீட் நுனிக்கு வர்றாங்க. டெம்ப்ளேட்ல இன்னொரு வசதியும் இருக்கு. எந்தெந்த சீன் வரப்போகுதுனு முதல் நாளே தெரியும், அப்போ எந்தெந்த பேப்பர் வேணும்னும் முதல் நாளே தெரிஞ்சிடும். நாங்க அப்படி யோசிக்காம விட்டதுதான் எல்லா அலைச்சலுக்கும் காரணம்.

1. ரெண்டாம் பாகம் எடுக்கற உரிமை யார்கிட்ட இருக்கு?

ஹீரோ அதே ஆளு, டைரக்டர் அதே ஆளு, அப்போ எடுத்துடலாம்னு நினைக்காதீங்க. படத்துக்கு சட்டப்படி சொந்தக்காரர் ப்ரொட்யூசர், கதைக்கு சொந்தக்காரர் அதை எழுதினவர், அவர் எழுதிக் கொடுத்திருந்தா மட்டும்தான் அது கைமாறும். சின்ன படங்கள்ல முதல் பாக ப்ரொட்யூசர் கடனுக்காக நெகட்டிவ் ரைட்ஸையே, அதாவது படத்தோட மொத்த உரிமையையே, யாருக்காவது வித்திருப்பாரு, அவர் வாயால "தாராளமா எடுங்க தம்பி"னு சொல்றது உண்மையான அன்பா இருக்கலாம், ஆனா உரிமை அவர்கிட்ட இருக்காது. அதனால படம் இப்போ யார் பேர்ல இருக்குனு ஃபிலிம் லேப் கொடுக்கற லேப் லெட்டரை வாங்கிப் பாருங்க, பழைய அக்ரிமென்ட் எல்லாத்தையும் ஜெராக்ஸ் கேட்டு வாங்குங்க, அப்புறம் ஒரு வக்கீலை வெச்சு நியூஸ் பேப்பர்ல பொது அறிவிப்பு கொடுங்க, ஆட்சேபணை இருக்கறவங்க இத்தனை நாளுக்குள்ள சொல்லணும்னு. அந்த விளம்பரக் காசு அநாவசியம்னு உங்க ப்ரொட்யூசர் சொல்வாரு, விடாதீங்க.

அக்ரிமென்டை படிக்கும்போது மூணு விஷயம் தேடுங்க. காப்பிரைட் சட்டம் 1957, பிரிவு 19 இதைப் பத்திதான் பேசுது. உரிமையை எழுதிக் கொடுக்கறது எழுத்துல, கையெழுத்தோட இருக்கணும். எத்தனை வருஷத்துக்குனு போடலைனா 5 வருஷம்தான் கணக்கு. எந்த ஊருக்குனு போடலைனா இந்தியாவுக்கு மட்டும்தான். இதோட, வாங்கினவர் 1 வருஷத்துக்குள்ள அந்த உரிமையைப் பயன்படுத்தலைனா அது காலாவதி ஆயிடும், வேற மாதிரி எழுதியிருந்தா ஒழிய.

எங்க கேஸ்ல முதல் பாகத்தோட கதை அக்ரிமென்ட் ரெண்டே ரெண்டு பக்கம். காலம் போடல. படம் வந்து ஆறு வருஷம் ஆச்சு. வக்கீல் அதைப் பார்த்துட்டு பேனாவை மூடி வெச்சுட்டு "சார், கதை இப்போ எழுதினவர்கிட்டயே திரும்பிப் போயிடுச்சு"ன்னாரு. அப்போ நாங்க எட்டு நாள் ஷூட்டிங் முடிச்சிருந்தோம். கதாசிரியர் அண்ணன் பெரிய மனசு, வளசரவாக்கத்துல ஒரு டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்து புது பத்திரம் முழுசா படிச்சு, ஒவ்வொரு பக்கமும் கையெழுத்து போட்டுக் கொடுத்தாரு, நியாயமான ஒரு தொகை மட்டும் வாங்கிக்கிட்டாரு. வேற ஆளா இருந்திருந்தா படமே நின்னிருக்கும்.

புது பத்திரத்துல ரீமேக், டப்பிங், ஓடிடி, அடுத்தடுத்த பாகம், கேரக்டர் பேரு எல்லாத்தையும் தனித்தனியா எழுதுங்க. "எல்லா உரிமையும்"னு ஒத்தை வரில முடிச்சா பின்னாடி சண்டை வரும்.

2. டெம்ப்ளேட்டை எடுக்கலாம், அடுத்தவன் சீனை எடுக்கக் கூடாது

தோத்தவன் ஜெயிக்கற கதை யாருக்கும் தனிச் சொத்து இல்ல. கருவுக்கும் ஐடியாவுக்கும் காப்பிரைட் கிடையாதுனு உச்ச நீதிமன்றம் 1978-லயே ஆர்.ஜி. ஆனந்த் வழக்குல தெளிவா சொல்லிடுச்சு, அந்தக் கருவை சொன்ன விதம், அடுக்கின விதம், அதைக் காப்பி அடிச்சாதான் தப்பு. அதனால மாஸ்டர் செத்துப் போறது, ஹீரோ கைல கட்டு போட்டுக்கிட்டு ரிங்குக்கு வர்றது இதெல்லாம் பயமில்லாம வைக்கலாம். வெளிநாட்டு படத்துல இருந்து ஷாட் பை ஷாட் அப்படியே ஃபைட்டை எடுத்து வெக்கறது, டயலாக்கை மொழிபெயர்த்து வெக்கறது, அதைப் பண்ணாதீங்க. ஓடிடி வாங்கறவங்க அதைத்தான் முதல்ல பாக்கறாங்க.

உண்மையான ஒரு வீரரோட வாழ்க்கையை எடுத்துக்கிட்டீங்கன்னா அவர்கிட்ட எழுத்துல சம்மதம் வாங்குங்க, அவர் உயிரோட இல்லைனா குடும்பத்துக்கிட்ட. வட சென்னையில ஒவ்வொரு தெருவுலயும் ஒரு பாக்சர் கதை இருக்கு, அந்தக் குடும்பங்க அதை எவ்வளவு மரியாதையா வெச்சிருக்காங்கனு நேர்ல போனா தெரியும். முதல்ல போய் உட்கார்ந்து பேசுங்க, பேப்பரை அப்புறமா நீட்டுங்க.

ஸ்கிரிப்ட் முடிஞ்சதும் காப்பிரைட் ஆபீஸ்ல ஆன்லைன்ல பதிவு பண்ணுங்க. ஸ்கிரிப்டுக்கு 500 ரூபாய், முடிஞ்ச படத்துக்கு 5,000 ரூபாய். டைரி நம்பர் (விண்ணப்பம் போட்டதுக்கான எண்) உடனே வந்துடும், ஆட்சேபணைக்கு 30 நாள் கட்டாயம் காத்திருக்கணும், சர்டிபிகேட் வர்றதுக்கு அதுக்கப்புறமும் மாசக் கணக்குல ஆகும். டைரி நம்பரை பத்திரமா வெச்சுக்கோங்க.

3. டைட்டில்

பேருக்குப் பின்னாடி "2"னு போடறது சின்ன விஷயம் மாதிரி தெரியும். முதல் பாக டைட்டில் யார் பேர்ல ப்ரொட்யூசர்ஸ் சங்கத்துலயோ ஃபிலிம் சேம்பர்லயோ பதிவாகி இருக்கோ அவங்ககிட்ட ஆட்சேபணை இல்லைனு லெட்டர் வேணும். வெறும் டைட்டிலுக்கு காப்பிரைட் கிடையாதுனு 2015-ல உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கு, அதை நம்பி மட்டும் இறங்காதீங்க, ட்ரேட்மார்க்கா யாராவது பதிவு பண்ணியிருந்தா மாட்டிக்குவீங்க. ட்ரேட்மார்க் சைட்ல பேரைத் தேடிப் பாக்கறது இலவசம். நீங்களே பதிவு பண்ணணும்னா பொழுதுபோக்கு சேவைக்கு கிளாஸ் 41, தனி நபருக்கும் சின்ன நிறுவனத்துக்கும் ஆன்லைன்ல ஒரு கிளாஸுக்கு 4,500 ரூபாய், மத்தவங்களுக்கு 9,000.

4. சீன் பேப்பரை எடுத்து வெச்சு ஒவ்வொரு சீனுக்கும் பக்கத்துல தேவையான பேப்பரை எழுதுங்க

இந்தக் கட்டுரைல ஒரே ஒரு விஷயத்தை மட்டும்தான் எடுத்துக்கப் போறீங்கன்னா இதை எடுத்துக்கோங்க. ஒரு நோட்டு வாங்கி, இடது பக்கம் சீன், வலது பக்கம் அனுமதினு எழுதுங்க.

ஃப்ளாஷ்பேக்ல ஹீரோ சின்னப் பையனா அடி வாங்கற சீன் கண்டிப்பா இருக்கும். 14 வயசுக்குக் கீழ உள்ள குழந்தை நடிச்சா கலெக்டர்கிட்ட முன்அனுமதி வேணும், எந்த மாவட்டத்துல ஷூட்டிங்கோ அந்த மாவட்டம். படிவம் சி-ல உறுதிமொழி, குழந்தைங்க லிஸ்ட், அப்பா அம்மா சம்மதம், குழந்தைக்குப் பொறுப்பா இருக்கப் போற ஆளோட பேரு, இவ்வளவும் கொடுக்கணும். அந்த உறுதிமொழி 6 மாசத்துக்குத்தான் செல்லும், ஷெட்யூல் தள்ளிப் போனா திரும்ப கொடுக்கணும். ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல கூடாது, தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல ஓய்வு இல்லாம கூடாது, 27 நாளுக்கு மேல தொடர்ச்சியா வேலை வாங்கக் கூடாது, 5 குழந்தைக்கு ஒருத்தர்னு பொறுப்பாளர் இருக்கணும். சம்பளத்துல குறைஞ்சது 20 சதவீதம் அந்தக் குழந்தை பேர்ல தேசியமயமான பேங்க்ல ஃபிக்சட் டெபாசிட் போடணும். இந்த டெபாசிட் விஷயத்தை நிறைய பேர் கண்டுக்கறதே இல்ல. தயவு செஞ்சு போடுங்க, அது அந்தப் பிள்ளையோட காசு. படத்துலயும் குழந்தைங்க பாதுகாப்பா நடத்தப்பட்டாங்கனு ஒரு டிஸ்க்ளெய்மர் போடணும்.

அடுத்து மிருகம். எங்க டிரெயினிங் பாட்டுல ஹீரோ சந்துக்குள்ள கோழியைத் துரத்திப் பிடிக்கற மாதிரி ஒரு ஷாட், மொத்தம் எட்டே செகண்ட். காலைல ஆறு மணி வெயில், செவப்புக் கோழி, தரையில வெச்ச கொடத்துத் தண்ணி தெறிக்குது, பையன் வழுக்கி விழுந்து எழுந்து சிரிக்கறான், படத்துலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச ஷாட் அதுதான். ஸ்பாட்ல யாரோட வீட்டுக் கோழியோ, எடுத்துட்டோம். ஷூட்டிங்குக்கு முன்னாடியே விலங்கு நல வாரியத்துக்கு விண்ணப்பிச்சு அனுமதி வாங்கணும், எடுத்து முடிச்சு அந்தக் காட்சியைக் காட்டி தடையில்லாச் சான்று வாங்கணும், அது இல்லாம சென்சார்ல அந்த ஷாட் நிக்காது. எடுத்ததுக்கு அப்புறம் முன்அனுமதி வாங்க வழி ஏது? ஷாட்டைத் தூக்கிட்டோம். வாரியத்தோட ஆபீஸ் இப்போ ஹரியானா பல்லப்கர்ல, விண்ணப்பம் அங்கதான் போகணும். மிருகத்தோட சொந்தக்காரர் சான்று, கால்நடை டாக்டர்கிட்ட ஃபிட்னெஸ் சான்று, சீன் விவரம், தேதி, இடம் எல்லாம் கேட்பாங்க. காளையை வெச்சு டிரெயினிங் சீன் எழுதியிருந்தா இப்பவே அடிச்சுடுங்க, காட்சிக்காகப் பழக்கக் கூடாத விலங்குகள் பட்டியல்ல காளை 2011-லயே சேர்ந்தாச்சு. கம்ப்யூட்டர் கிராபிக்ஸ்ல (சிஜி) பண்ணினாலும் அது சிஜிதான்னு ஆதாரம் வெச்சுக்கோங்க, சிஜி கம்பெனிகிட்ட லெட்டரும், வேலை நடக்கும்போது எடுத்த படங்களும் போதும்.

மாஸ்டர் பீடி பிடிக்கற மாதிரி இருந்தா படம் ஆரம்பத்துலயும் நடுவுலயும் குறைஞ்சது 30 செகண்ட் புகையிலை எச்சரிக்கைப் படம், கூடவே 20 செகண்ட் டிஸ்க்ளெய்மர், சீன் ஓடும்போது கீழ எழுத்து. ஒரு பீடிக்காக இவ்வளவு வேணுமானு டைரக்டர்கிட்ட உட்கார்ந்து பேசுங்க. எங்க மாஸ்டர் கைல கடைசில ஒரு டீ கிளாஸைக் கொடுத்தோம், அது இன்னும் நல்லா இருந்துச்சு.

ஃபைனல் ஃபைட்டுக்கு அரசு ஸ்டேடியம் வேணும்னா தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கிட்ட போகணும். போட்டி எதுவும் இல்லாத தேதிதான் கிடைக்கும், அதனால ஸ்டேடியம் தேதியை முதல்ல வாங்கிட்டு மத்த ஷெட்யூலை அதைச் சுத்திப் போடுங்க. ரிங்குக்குப் பின்னாடி இருக்கற பேனர்ல நிஜமான சங்கத்தோட சின்னம், நிஜமான கம்பெனி லோகோ எதுவும் தெரியக் கூடாது, ஆர்ட் டைரக்டர்கிட்ட கற்பனைப் பேரா எழுதச் சொல்லுங்க. ட்ரோன் ஷாட்டுனா அரசோட டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் மேப்ல அந்த இடம் பச்சையா மஞ்சளா சிவப்பானு (பறக்க விடலாமா, அனுமதி வேணுமா, தடையானு) பாத்துட்டு அப்புறம் புக் பண்ணுங்க.

முதல் பாகத்தோட மியூசிக், ஃப்ளாஷ்பேக் காட்சி ரெண்டும் தனித்தனி அனுமதி. ரவுண்டு 3 பெல் அடிச்சதும் முதல் பாகத்துல வந்த தவில் பிட்டை அப்படியே போட்டிருந்தோம், வெறும் 12 செகண்ட். ஆடியோ ரைட்ஸ் எப்பவோ வித்தாச்சு. கேட்ட தொகை எங்க பின்னணி இசை பட்ஜெட்ல பாதி. கடைசி மிக்ஸிங்குக்கு முந்தின நாள் ராத்திரி ஒரு பறை கலைஞரை ஸ்டுடியோவுக்கு கூட்டிட்டு வந்து புதுசா வாசிக்க வெச்சோம். நெருப்புல தோலைக் காய்ச்சி எடுத்துட்டு வந்து அவர் முதல் அடி அடிச்சப்போ கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்க எல்லாம் எழுந்து நின்னுட்டோம்.

5. ஃபைட்டர்ஸ்

ஃபைட் மாஸ்டர்கிட்ட முதல்லயே கேட்டுக்கோங்க: எத்தனை ஃபைட்டர்ஸ், எத்தனை கால்ஷீட், ரிகர்சல் எத்தனை நாள், ரோப் இருக்கா, டூப் யாருக்கு. யூனியன் சம்பளம், பேட்டா, கால்ஷீட் தாண்டினா எவ்வளவு எல்லாம் அவ்வப்போது மாறும், அதனால போன படத்துக் கணக்கை வெச்சு பட்ஜெட் போடாம அந்த மாசத்து ரேட்டைக் கேட்டு எழுதி வாங்குங்க. ரிகர்சல் நாளுக்கும் சம்பளம் உண்டு. இதை பட்ஜெட்ல விடறவங்கதான் அதிகம்.

நிஜ கிக்பாக்சிங் பசங்களை நடிக்க வைக்கறது திரையில அருமையா இருக்கும், ஆனா அவங்களுக்கு நிஜமா அடிக்கத்தான் வரும், தள்ளி அடிச்சு அடிச்ச மாதிரி காட்டறது தனி வித்தை. குறைஞ்சது பத்து நாள் ஃபைட்டர்ஸோட சேர்ந்து பழக விடுங்க. அவங்களுக்குப் போட்டி சீசன் எப்போனு கேட்டுட்டு தேதி வாங்குங்க, உங்க படத்துக்காக ஒரு பையன் மாநிலப் போட்டியை விட்டுடக் கூடாது.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது ஸ்டன்ட் கவர் ஆகுதானு பாலிசியைப் படிங்க, சும்மா "ஷூட்டிங் இன்சூரன்ஸ்"னு சொல்லி விக்கறதுல நிறைய தடவை சண்டைக் காட்சி விலக்குப் பட்டியல்ல இருக்கும். ஸ்பாட்ல ஆம்புலன்ஸ், கிட்ட இருக்கற ஆஸ்பத்திரி நம்பர், ஒவ்வொருத்தரோட பிளட் குரூப். தலைல அடி பட்டா அன்னைக்கு அந்த ஆளுக்கு ஷூட்டிங் கிடையாது, "ஒண்ணும் இல்ல அண்ணா, பண்ணிடறேன்"னு அவன் சொல்லுவான், சொன்னாலும் கிடையாது. வாந்தி, தலை சுத்தல், பேச்சு குழறல் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. எங்க படத்துல 19 வயசுப் பையன் ஒருத்தன் தரையில விரிச்ச மேட்ல தலை இடிச்சு விழுந்துட்டு எழுந்து நின்னு சிரிச்சான், இருபது நிமிஷம் கழிச்சு தன்னோட ஊர் பேரு ஞாபகம் வரல. அவன் இப்போ நல்லா இருக்கான். அந்த இருபது நிமிஷம் அவனை உட்கார வெச்சிருந்தது மாஸ்டர்தான், நாங்க அடுத்த ஷாட்டுக்கு லைட் போட்டுக்கிட்டு இருந்தோம்.

6. ஷெட்யூல்

ஃபைனல் ஃபைட்டை கடைசி நாள்ல வைக்காதீங்க. கதைல கடைசியா வருதுனு ஷெட்யூல்லயும் கடைசியா வெச்சா, பணம் தீர்ந்து, ஆளுங்க களைச்சு, ஆறு நாள்ல எடுக்க வேண்டியதை மூணு நாள்ல முடிப்பீங்க, ஜனங்க டிக்கெட் வாங்கறதே அந்த ஃபைட்டுக்குத்தான். நடுவுல வைங்க. ஹீரோ உடம்பு ஏத்தின நிலைல இருக்கும்போது ஃபைனல், அப்புறம் இடைவெளி விட்டு அவர் இளைச்சதும் ஆரம்ப சீன்கள். முகத்துல அடி, வீக்கம் எல்லாம் மேக்கப் கன்டினியூட்டி, ரவுண்டு வாரியா ஃபோட்டோ எடுத்து ஒட்டி வைங்க.

பேப்பர் வேலைக்கு என் கணக்கு: உரிமை சரிபார்ப்பும் பொது அறிவிப்பும் ஷூட்டிங்குக்கு மூணு மாசம் முன்னாடி, மிருகம், குழந்தை, ஸ்டேடியம் விண்ணப்பம் ஒன்றரை மாசம் முன்னாடி, இன்சூரன்ஸ் ரிகர்சல் தொடங்கறதுக்கு முன்னாடி. ரிகர்சல்லதான் அடி அதிகமா படும்.

7. சென்சார்

இப்போ எல்லாமே சென்சார் போர்டோட ஈ-சினிபிரமாண் போர்ட்டல் வழியா. சென்னை மண்டல ஆபீஸ் ஹாடோஸ் ரோடு சாஸ்திரி பவன்ல. கதைச் சுருக்கம், முழு டயலாக், பாட்டு வரிகள், டைட்டில் கடிதம், மிருகம் குழந்தை சம்பந்தப்பட்ட சான்றுகள், ப்ரொட்யூசர் அடையாள ஆவணங்கள் எல்லாம் ஒரே ஃபோல்டர்ல ஸ்கேன் பண்ணி வைங்க. எல்லா பேப்பர்லயும் டைட்டில் ஒரே ஸ்பெல்லிங்ல இருக்கணும், ஒண்ணுல "2", இன்னொண்ணுல "பாகம் 2"னு இருந்தா திரும்பி வரும்.

ரிலீஸ் தேதிக்கு ரெண்டு மாசம் முன்னாடி போடுங்க. அவசரத் திரையிடலுக்கு 2024 விதிகள்ல வழி இருக்கு, கூடுதல் கட்டணம் உண்டு, அதை நம்பி தேதி அறிவிக்காதீங்க. கமிட்டி படம் பாக்கும்போது நீங்க உள்ள இருக்க முடியாது, முடிஞ்சதும் கூப்பிட்டு சொல்லுவாங்க. ஒத்துக்க முடியலைனா ரிவைசிங் கமிட்டி (படத்தை மறுபடி பாக்கற குழு), அதுக்கும் மேலன்னா இப்போ நேரா உயர் நீதிமன்றம்தான், நடுவுல இருந்த தீர்ப்பாயத்தை 2021-ல எடுத்துட்டாங்க.

யு/ஏ-க்குள்ள இப்போ 7+, 13+, 16+னு மூணு பிரிவு. ஃபைட் படத்துக்கு 13+ வாங்கினா குடும்பத்தோட வர்ற கூட்டம் தப்பாது, ஏ வாங்கினா அப்படியே டிவில போட முடியாது. விழுந்தவனை மேல மேல மிதிக்கறது, ஸ்லோமோஷன்ல ரத்தம், எலும்பு உடையற சத்தம், குழந்தை அடி வாங்கறதை நெருக்கமா காட்டறது, இதுலதான் கேள்வி வரும். இந்த ஷாட்டுக்கெல்லாம் மாத்து ஷாட் எடுத்து வைங்க, சவுண்டுல எலும்பு எஃபெக்டை தனி ட்ராக்கா வைங்க, கட் சொன்னா ஒரு மணி நேரத்துல மாத்திடலாம். எங்களுக்கு நாலு மாற்றம் சொன்னாங்க, மூணுக்கு மாத்து ஷாட் கைல இருந்துச்சு, நாலாவதுக்கு அடி வாங்கறவன் முகத்துக்குப் பதிலா கூட்டத்துல நின்ன அவன் அம்மா முகத்தை வெச்சோம்.

ஒண்ணுக்கு மேற்பட்ட மொழில சர்டிபிகேட் வாங்கற படத்துக்கு பார்வை இல்லாதவங்களுக்கான ஒலி விவரிப்பும், காது கேக்காதவங்களுக்கான கேப்ஷனும் 2024-லயே கட்டாயம் ஆயிடுச்சு, ஒரே மொழிப் படத்துக்கு இப்போ என்ன விதினும் கேட்டுக்கோங்க, அதுக்குத் தனியா நாளும் காசும் ஒதுக்குங்க. ஒவ்வொரு டப்பிங் மொழிக்கும் தனி சர்டிபிகேட். தியேட்டர்ல ஓட்டற டிரெய்லருக்கும் தனியா வாங்கணும், யூடியூப்ல போடற டிரெய்லருக்கு வேண்டாம். சர்டிபிகேட் வந்ததுக்கு அப்புறம் ஒரு சீனைக் குறைச்சாலும் சேர்த்தாலும் திரும்ப அவங்ககிட்ட சொல்லி பதிவு பண்ணணும்.

8. ரிலீஸுக்கு அப்புறம்

எல்லா ஒரிஜினலையும் ஒரே பெட்டில போட்டு, ஸ்கேன் காப்பியை ரெண்டு இடத்துல வைங்க: கதை பத்திரம், ஃபைட்டர்ஸ் ரிலீஸ் லெட்டர் (நடிச்சதைப் படத்துல பயன்படுத்திக்கலாம்னு அவங்க கொடுக்கற சம்மதம்), மியூசிக் அக்ரிமென்ட், குழந்தையோட டெபாசிட் ரசீது, சென்சார் சர்டிபிகேட். சர்டிபிகேட் முன்னாடி 10 வருஷம்தான் செல்லும், 2023 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் நிரந்தரம். ஓடிடி கம்பெனி இந்தப் பெட்டில இருக்கற ஒவ்வொண்ணையும் கேட்கும், எங்ககிட்ட கேட்டப்போ ரெண்டு ஃபைட்டர்ஸோட ரிலீஸ் லெட்டர் இல்ல, ஒருத்தர் வேற படத்துக்காக ராஜமுந்திரில இருந்தாரு, பஸ் ஏறிப் போய் ஹோட்டல் வாசல்ல கையெழுத்து வாங்கிட்டு வந்தேன். ரிகர்சல் முதல் நாளே வாங்கிடுங்க, கிளவுஸ் மாட்டறதுக்கு முன்னாடி.

மூணாம் பாகம் எடுக்கறதா இருந்தா மறுபடி 1-ல இருந்து ஆரம்பிக்கணும்.